வட்டப் பின்னலும் கணக்கும்

"அவளுக்குக் கைராசி உண்டு, எனக்கு இல்லை" என்று குரோஷே ஊசியைப் பெட்டிக்குள் போட்டுவிடும் தோழியர் நம்மிடையே பலர் உளர். வீட்டிலும் "உனக்கு இது வராது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இத்தீர்ப்பு நியாயமற்றது என்பது என் தாழ்மையான கருத்து. வட்டப் பின்னல் கெடுவது பெரும்பாலும் எண்ணிக்கையினாலேயே.

நூலைச் சுற்றாமல் போடும் குட்டைக் கண்ணியில் 6 கண்ணிகளோடு தொடங்கினால், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று ஆறு ஆறாகக் கூட வேண்டும். ஏன் ஆறு? ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு சுமார் 6.28 அலகு கூடும் என்று கணித வகுப்பில் படித்திருக்கிறோமே! குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே; ஆகவே ஆறு போதும். ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிப் போடும் உயரமான கண்ணிக்குச் சுற்றுக்கு 12 வேண்டும்.

விளிம்பு கிண்ணம்போல் எழும்பினால் கண்ணி குறைந்துவிட்டது. பாவாடை பிரில்போல் அலை அலையானால் கூடிவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்தும் கிண்ணமானால், கை இறுக்கமாகப் பின்னுகிறது. ஓர் அளவு பெரிய ஊசியை எடுங்கள். வட்டம் அறுகோணமாகத் தெரிந்தால், கூட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டைச் செருகினால் எண்ணிக்கை தவறாது.

அவிழ்க்க அஞ்சி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து குறையை மறைப்போரும் உண்டு. ஒரு துவைப்பில் அது வெளிப்பட்டுவிடும். குரோஷேயில் ஊசியில் நிற்பது ஒரே கண்ணி. ஆதலால் அவிழ்ப்பதும் மீண்டும் தொடங்குவதும் எளிது.

குறை என்று நாம் வெறுக்கும் அந்த அலைகூட ஓர் அறிஞருக்குப் பயன்பட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்னும் கணித அறிஞர் 1997இல் வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிப் பின்னி, அதிபரவளையத் தளம் என்னும் வளைந்த பரப்பை மாணவர்கள் தொட்டுப் பார்க்கச் செய்தார். எண்ணிக் கூட்டியதால் அது பாடமாயிற்று. எண்ணாமல் கூடினால் பிழையாகிறது.

கைவேலைக் கண்காட்சியில் மதிப்பெண் இடும் ஆசிரியைகளுக்கு ஒரு விண்ணப்பம்: விரிப்பின் மொடமொடப்பை மட்டும் பாராமல், சுற்றுகளையும் எண்ணிப் பாருங்கள். அன்புள்ள பெற்றோரே, "உனக்கு வராது" என்று சொல்லுமுன் "எண்ணிப் பார்த்தாயா?" என்று ஒருமுறை கேளுங்கள். பெட்டிக்குள் உறங்கும் எத்தனையோ ஊசிகள் வெளியே வரும்!

– பத்தாம் வகுப்பு மாணவி