இளைஞர் அரங்கம்: பாரியின் தேருக்கு என்ன விலை?

சென்ற திங்கள் நம் சங்கத்து நூலக அறையில் இளைஞர் நால்வர் மேசையைச் சுற்றி அமர்ந்து, வண்ணச் சித்திரம் தீட்டிய அட்டைகளைப் பரப்பி ஆடிக்கொண்டிருந்தனர். சீட்டாட்டம் என்றெண்ணி முகம் சுளித்த நாம், அருகே அமர்ந்து ஒரு மணி நேரம் கவனித்த பின் நம் எண்ணத்தை மாற்றிக்கொண்டோம்.

அவர்கள் ஆடியது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இதனைப் படைத்தார். 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. வீரரையும் விலங்கையும் மந்திரத்தையும் குறிக்கும் அட்டைகளை இறக்கி, எதிரியின் புள்ளிகளைத் தீர்ப்பவர் வெல்வார். அட்டையை இறக்குவதற்கு ‘மானா’ என்னும் ஆற்றலை விலையாகத் தரவேண்டும். அது நில அட்டைகளிலிருந்து கிடைக்கிறது. சுற்றுக்கு ஒரு நிலமே வைக்கலாம் என்பதால், நான்கு மானா விலையுள்ள அட்டை பெரும்பாலும் நான்காம் சுற்றில்தான் களம் காணும். ஆகவே இங்கு விலை என்பது காத்திருக்கும் காலமே.

நால்வருள் ஒருவர் நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளை, பதினைந்து வயதினர், இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தாமே ஓர் அட்டையை வரைந்திருந்தார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலின் அட்டை அது. தாளில் எழுதி, 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமுமாக வெட்டி, வேறோர் அட்டையின் மேல் வைத்து உறையில் இட்டிருந்தார். போட்டிகளில் இத்தகைய அட்டைக்கு இடமில்லை. நண்பர்களிடையே ஆடத் தடையில்லை.

பாரியின்மீது கொண்ட பற்றினால் அவர் ஒன்றையும் குறைக்கவில்லை. விலை ஒரே மானா; தாக்கும் வலிமை ஏழு, தாங்கும் வலிமை ஏழு. முதற் சுற்றில் இறங்கிய பாரி, இரண்டாம் சுற்றிலிருந்து மூன்று முறை தாக்கினார். மூவேழு இருபத்தொன்று, ஆட்டம் முடிந்தது. மற்ற மூவரும் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டனர். வென்ற பிள்ளையின் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

இப்பிழை பெரியோரும் செய்ததே. 1993ஆம் ஆண்டின் முதல் தொகுதியில், ஒரு மானாவுக்கு ‘மூன்று’ தரும் அட்டைகள் நிறத்துக்கு ஒன்றாக ஐந்து இருந்தன. ஒன்று மூன்று உயிர்ப்புள்ளி தரும். ஒன்று எதிரிக்கு மூன்று புள்ளி ஊறு செய்யும். ‘ஆன்செஸ்டிரல் ரீகால்’ என்பதோ மூன்று அட்டைகளை எடுக்க விடும். எண் ஒன்றே, மதிப்பு ஒன்றன்று. உயிர்ப்புள்ளி தந்த அட்டையை வல்லவர் நாடுவதில்லை. அட்டை எடுக்க விட்டதையோ, அதனை அனுமதிக்கும் போட்டியிலும் ஒரு கட்டில் ஒன்றுக்கு மேல் வைக்கலாகாது.

2004ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்கல்கிளாம்ப்’ என்னும் கருவியின் கதையும் அறியத்தக்கது. அதனை அணிந்த உயிரி இறந்தால் உடையவருக்கு இரண்டு அட்டைகள் கிடைக்கும். அணிபவரின் தாங்கும் வலிமையில் ஒன்று குறையுமாறு இறுதிக் கட்டத்தில் மாற்றினர். அதனைக் குறை என்றே கருதினர். ஆடியவர்களோ சிற்றுயிரிகளுக்கு அணிவித்து, உடனே மாளவிட்டு, இரண்டிரண்டாக அட்டைகளை அள்ளினர். அவ்வாண்டிலேயே அது தடைசெய்யப்பட்டது. இழப்புப் போலத் தோன்றியது ஊதியமாயிற்று!

நம் பிள்ளைக்கு வேறோர் இடரும் வந்தது. “ஓர் அரசன் கொடிக்கு ஏன் தேரைக் கொடுக்க வேண்டும்?” என்று பஞ்சாபித் தோழர் இந்தியில் கேட்டார். பிள்ளையால் விடை கூற இயலவில்லை. பாடலின் பொருள் பள்ளியில் படித்ததன்று. பெயர் மட்டுமே தெரியும். அன்றிரவு ஊரிலுள்ள பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். பாட்டி சொன்னாராம்: “பற்றிப் படர வழியில்லாமல் தவித்தது, கொடுத்தான். தேரைக் கொடுத்துவிட்டு அரசன் நடந்தல்லவா ஊர் திரும்பியிருப்பான், கண்ணா! அதை நினைத்துப் பார்.”

அட்டை அந்தச் சொல்லில் பிறந்தது. தம் பாரி எதனையும் இழக்கவில்லை என்பதைப் பிள்ளை உணர்ந்தார். மறுவாரம் புதிய தாளுடன் வந்தார். ‘தேரைக் கொடுத்தால் கொடி வளரும்’ என்று எழுதியிருந்தார். “யாருடைய தேரை? என் தேரையும் கொடுக்கலாமா?” என்று கேட்டார் தோழர். அறையே சிரித்தது. பிறர் தேரை எடுத்துக் கொடுப்பது கொடையாகுமா? ‘நீ ஆளும் ஊர்தி ஒன்றை’ என்று திருத்தினார். விதி எழுதுவோர்க்கு ஒரு சொல்லும் மிகையாகலாகாது, குறையவும் லாகாது.

அடுத்து, கொடி தேரைவிட வலியதாய் எதிரியைத் தாக்கிற்று. “அப்படியானால் இது வாணிகமே, கொடையன்று” என்றோம். நெடுநேரம் எண்ணியபின் அவர் முடிவாக அமைத்தது இது: விலை மூன்று மானா, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, ஒன்று எந்நிறமும். தாக்கும் வலிமை இரண்டு, தாங்கும் வலிமை நான்கு. தன் ஊர்தி ஒன்றைத் துறந்தால், அதன் தாக்கும் வலிமை எத்தனையோ அத்தனை தாங்கும் வலிமையுள்ள முல்லைக்கொடி ஒன்று தோன்றும். அக்கொடி காக்குமேயன்றித் தாக்காது. பாய்ந்து சென்ற தேர், நின்று படரும் கொடியாயிற்று! அன்று ஆடிய ஆட்டங்களில் சிலவற்றில் பாரி வென்றார், சிலவற்றில் தோற்றார். அட்டைகளை யாரும் கீழே வைக்கவில்லை.

இவ்வாட்டத்தில் ஊர்தி என்னும் வகையே, இந்திய நாட்டுச் சாயலில் புனைந்த ஓர் உலகுடன் 2016இல்தான் வந்தது. அவ்வுலகுக்குக் ‘கலாதேஷ்’ என்று பெயரிட்டனர். கலை நாடு என்று நாம் கொள்ளலாம். இந்தி அறிந்த செவிக்கோ அது கறுப்பு நாடு என்றும் ஒலிக்கும். 2025இல் வந்த தொகுதியில் அப்பெயர் ‘அவிஷ்கார்’ என மாறியது. நம் கதைகளைப் பிறர் சொல்லும்போது நேரும் பிழைகளை நாம் எளிதில் காண்கிறோம். நாமே சொல்ல முற்பட்டாலோ, பாரியின் பெயரன்றி வேறொன்றும் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. குறை பிள்ளைகளுடையதா, பெற்றோராகிய நம்முடையதா?

பெற்றோர்களே! உங்கள் இல்லத்துப் பிள்ளை அட்டை வரைந்தால் தாளைப் பறிக்க வேண்டா. “இதற்கு என்ன விலை? இவர் இழப்பது என்ன?” என்று மட்டும் கேளுங்கள். விடை தெரியாவிடில் ஊருக்குத் தொலைபேசியில் அழைக்கட்டும். அங்கே ஒரு பாட்டி காத்திருக்கிறார்.