வாசக மேடையின் ஒலிவாங்கியும் எல்லைப்புறத் தமிழும்

கள ஆய்வுக்காக மூணாறு மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக் குடியிருப்பை ஒட்டிய சிறிய ஆலயம் ஒன்றின் தமிழ் வழிபாட்டுக்குச் சென்றிருந்தேன். தகரக் கூரை, வெளியே சாரல். சுவரில் புதிதாக வாங்கிய இரண்டு ஒலிபெருக்கிகள். வாசகம் தொடங்கியதும் கூடம் முழுவதும் முழக்கம் நிறைந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த எனக்கு உயிரெழுத்துகள் கேட்டன. மெய்யெழுத்துகள் வந்து சேரவில்லை. வழிபாடு முடிந்ததும், பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான பாட்டி ஒருவரிடம் இன்றைய வாசகம் எதைப் பற்றியது என்று கேட்டேன். "சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி, என்ன வாசிச்சாங்கன்னுதான் தெரியல" என்றார். பின்னர் அந்த வாசகத்தை வாசித்த இளம்பெண் ஒலிவாங்கி இல்லாமல் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.

பழுது வாசிப்பில் இல்லை, ஒலிபெருக்கியிலும் இல்லை. வாசக மேடையின் மீது, வாசிப்பவரின் வாயிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, கூரையைப் பார்த்தபடி நின்றிருந்த ஒலிவாங்கியில்தான் இருந்தது. இதை ஒரு தொழில்நுட்பச் சில்லறைச் செய்தியாகக் கருதிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதியில் வாசக மேடையின் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பது மொழி குறித்த முடிவும் ஆகும் என்பதே இப்பதிவின் வாதம்.

1956ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்துத் தமிழர்களும் கேரளத்தவராயினர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்கிறது. ஆனால் காகிதத்தில் உள்ள உரிமை காதுக்கு எட்டுவதில்லை. வீட்டில் பேச்சுத் தமிழ், பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ, கைப்பேசியில் மூன்றும் கலந்த ஒன்று என வளரும் குழந்தை, எழுத்துத் தமிழை முழு வாக்கியங்களாகக் காதால் கேட்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் வழிபாட்டிடம் முதன்மையானது. 1911இல் திறக்கப்பட்ட மூணாறு கிறிஸ்து ஆலயத்தில் இன்றும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வழிபாடு நடக்கிறது. கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2013இல் உருவாக்கப்பட்ட சுல்தான்பேட்டை மறைமாவட்டம், பாலக்காட்டுத் தமிழ்ப் பங்குகளையும் உள்ளடக்கியது. கோயில் மண்டபச் சொற்பொழிவுக்கும் பள்ளிவாசல் உரைக்கும் இதே நிலைதான்.

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு இங்கே கூர்மையாகச் செயல்படுகிறது. பேச்சு வழக்கில் ஒரு சொல் தெளிவாகக் கேட்காவிட்டாலும் சூழலைக் கொண்டு ஊகித்துவிடலாம். எழுத்து வழக்கைப் பள்ளியில் படிக்காத குழந்தைக்கு அந்த ஊகம் கைகொடுக்காது. பழக்கமற்ற மொழி வடிவத்தைக் கேட்பவர்களே இரைச்சலாலும் எதிர்முழக்கத்தாலும் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பது பேச்சுணர்வு ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. தமிழை நன்கறிந்த பங்குத்தந்தைக்கும் குழு உறுப்பினர்களுக்கும் 'நன்றாகக் கேட்கிறதே' என்று தோன்றுவதன் காரணமும் இதுவே. அவர்கள் பாதியைக் காதால் கேட்கிறார்கள். மீதியை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

ஊடக ஆய்வாளர் மார்ஷல் மக்லூகன், கத்தோலிக்க வழிபாட்டிலிருந்து இலத்தீன் விலகியதற்கு 1960களின் பொதுச்சங்கத்தைவிட ஒலிவாங்கியே பெரிய காரணம் என்று வாதிட்டவர். அதை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதன் மறுபக்கம் நமக்குத் தேவையானது. புரியாத மொழியில் முணுமுணுக்கப்பட்ட மந்திரத்துக்குத் தெளிவு தேவைப்படவில்லை. தாய்மொழியில் வாசிக்கிறோம் என்று சொன்ன பிறகு தெளிவு கட்டாயமாகிறது.

இனி ஒலியியலுக்கு வருவோம். தமிழில் பொருளை வேறுபடுத்தும் சுமையைத் தாங்குபவை பெரும்பாலும் மெல்லிய ஒலி வேறுபாடுகள். பலி, பழி, கொல்லாதே, கொள்ளாதே, விளக்கு, விலக்கு, மனம், மணம். இவற்றுள் நாவை மடித்து ஒலிக்கும் எழுத்துகள் மூன்றாம் ஃபார்மன்ட்டைக் கீழே இழுக்கின்றன. வேறுபாட்டின் பெரும்பகுதி ஏறத்தாழ 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் நிகழ்கிறது. அடிக்குரல் முழக்கம் மிகும்போது அது மேலுள்ள அப்பகுதியை மூடி மறைக்கிறது. மிக்சரில் 'பேஸ்' திருகியைக் கூட்டிக் குரலைக் கம்பீரமாக்குபவர், தெரியாமலேயே பழியையும் பலியையும் ஒன்றாக்குகிறார்.

இன்னொரு சிக்கல் ஒற்று. பாடு, பாட்டு, படி, பட்டி என்னும் இணைகளில் இரட்டித்த வல்லினத்தை நாம் உணர்வதற்கு, நாவோ இதழோ அடைத்து நிற்கும் அந்த மௌனமும் ஒரு காரணம். தொல்காப்பியம் மெய்க்கு அரை மாத்திரை வகுத்தது. அந்த மாத்திரைக்குள் இருக்கும் நிசப்தத்தையும் ஒலிவாங்கி காப்பாற்ற வேண்டும். கருங்கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கூடத்தில், முந்தைய உயிரின் வால் நீண்டு வந்து அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. பேச்சுக்கான கூடத்தில் எதிர்முழக்கம் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் அடங்குவது நல்லது. நம் பழைய ஆலயங்கள் பல அப்படிக் கட்டப்படவில்லை. அத்தகைய இடத்தில் மிக்சரின் 'எக்கோ'வையும் திறந்துவைப்பது ஒற்றுகளுக்கு இழைக்கும் இரட்டைக் கொடுமை.

ஆகவே முதல் விதி தொலைவு. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவு இரட்டிக்கும்போது நேரடி ஒலி 6 டெசிபல் குறைகிறது. கூடத்தின் முழக்கமோ குறைவதில்லை. 15 செ.மீ. தொலைவில் நிற்க வேண்டியவர் 60 செ.மீ. தள்ளி நின்றால் 12 டெசிபலை இழக்கிறார். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டினால் மைக் விசிலடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் இந்தக் கணக்கை மாற்ற இயலாது.

இங்கே ஒரு மொழியியல் குறிப்பு பயன்படும். 'ப' ஒலிக்கும்போது காற்று வெடித்து மைக்கில் அறையும், ஆகவே விலகி நில்லுங்கள் என்ற அறிவுரை ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் சொல்முதல் 'ப' மூச்சொலியோடு பிறக்கிறது. தமிழின் 'ப'வுக்கு அந்த மூச்சு இல்லை. உரத்துச் சொல்லும்போதும் வடசொல்லைச் சொல்லும்போதும் காற்று சற்று மிகலாம். அதற்கு ஒரு நுரையுறை போதும். தமிழ் வாசிப்பவர் ஒரு சாணுக்கும் குறைவான தொலைவில், வாய்க்கு நேரே அன்றிச் சற்றுப் பக்கவாட்டில் மைக்கை வைத்துத் தயங்காமல் வாசிக்கலாம். நெருக்கத்தால் மிகும் அடிக்குரலை, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டும் பொத்தானைக் கொண்டு நீக்கலாம்.

இரண்டாவது, வகை. முன்புற ஒலியை ஏற்று முதுகுப்புற ஒலியைத் தள்ளும் கார்டியாய்டு வகையே மேடைக்கு ஏற்றது. ஒலிபெருக்கிகள் அதன் முதுகுப்புறம் அமைய வேண்டும். அடுத்து டைனமிக்கா, கண்டன்சரா என்ற கேள்வி. வளையும் கழுத்துள்ள கண்டன்சர் பார்வைக்கு அழகானது. உயரம் வேறுபடும் வாசகர்களுக்கு எளிதாகத் திருப்பலாம். மெல்லிய குரலையும் நுண்மையாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டும். ஈரத்தில் அது முணுமுணுக்கத் தொடங்கும். ஆண்டின் பல மாதங்கள் மூடுபனியும் மழையும் நிறைந்த மூணாறிலோ பீர்மேட்டிலோ, தகரக் கூரையின் மழையிரைச்சலையும் கண்டன்சர் ஆர்வமாக அள்ளித் தரும். அங்கே என் தேர்வு, 1966இல் அறிமுகமாகி இன்றும் விற்பனையாகும் ஷூர் எஸ்எம்58 போன்ற எளிய டைனமிக் ஒலிவாங்கி. அதோடு உறுதியான, உயரம் மாற்றத்தக்க ஒரு தாங்கி. பாலக்காட்டுச் சமவெளியில் சிக்கல் வேறு. கணவாய்க் காற்றும் வெயில்காலத்து மின்விசிறியும் மைக்கில் உரசும். அங்கே ஈரம் குறைந்த, எதிர்முழக்கம் அடங்கிய கூடமாக இருந்தால் நல்ல கண்டன்சர் வாங்கலாம். விசிறியை மேடையிலிருந்து திருப்பிவைத்து, நுரையுறையை மாட்டுவது கட்டாயம். அழகுக்காக இரண்டு மைக்குகளை அருகருகே திறந்துவைக்க வேண்டாம். ஒரே குரல் இரு வழிகளில் சிறு கால வேறுபாட்டோடு வந்து சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

'கூட்டம் பெரிது, ஆகவே ஒலி பெரிதாக வேண்டும்' என்ற வாதத்துக்கு மறுமொழி சட்டத்திலும் இருக்கிறது. சென்னையின் சர்ச் ஆஃப் காட் ஆலயம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. அண்டை வீட்டாரின் உறக்கத்துக்கும் கடைசி வரிசைப் பாட்டியின் காதுக்கும் ஒரே மருந்துதான்: குறைந்த ஒலி, மிகுந்த தெளிவு.

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக ஏற்க வேண்டும். தோட்டத் தமிழர் பலரின் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. றகர ரகர வேறுபாடும் பெரும்பாலும் இல்லை. வாசிப்பவர் நாவில் பிறக்காத ஒலியை எந்த ஒலிவாங்கியும் பிறப்பிக்காது. உண்மைதான். ஆயினும் அது வாசகர் பயிற்சிக்கான காரணமே தவிர, மோசமான மைக்குக்கான சமாதானம் அன்று. பயின்று வந்து வாசித்த ஒரு பெண்ணின் உழைப்பு கூரைக்குப் போனதை நான் கண்டேன்.

வழிபாட்டிடங்களின் குழுக்களுக்கு என் பரிந்துரை எளியது. கருவி வாங்கும் நாளில் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' வேண்டாம். பலி, பழி, விளக்கு, விலக்கு, பாடு, பாட்டு, மனம், மணம் போன்ற இருபது சொற்களை வரிசை மாற்றி எழுதி, வழக்கமாக வாசிக்கும் ஒருவரை மேடையில் நிறுத்துங்கள். கடைசி வரிசையில் பத்து வயதுக் குழந்தை ஒன்றையும், எழுபது வயது மூத்தவர் ஒருவரையும் உட்காரவையுங்கள். மின்விசிறிகள் ஓடட்டும், முடிந்தால் மழை பெய்யும் நாளாக இருக்கட்டும். கேட்டதைக் குழந்தை எழுதட்டும், மூத்தவர் திருப்பிச் சொல்லட்டும். மிகுதியான சொற்கள் எந்த ஒலிவாங்கியில் பிழையின்றி வந்து சேர்கின்றனவோ, அதை வாங்குங்கள். அது விலை குறைந்ததாகவும் இருக்கக்கூடும்.

மொழியியல், ஒலியியல் மாணவர்கள் இந்தச் சொற்பட்டியலைத் தங்கள் ஊர் வழக்குக்கேற்பச் செப்பம் செய்து தந்தால் மகிழ்வேன். அடுத்த கள ஆய்வுக்குப் போகும்போது ஒரு டைனமிக் மைக்கையும் தாங்கியையும் உடன் எடுத்துச் செல்கிறேன். அந்தப் பாட்டியிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும்.