ஒரு மெழுகுதிரிக்கு ஒரு லயனே எரிய வேண்டுமா?

பருவக்காற்று தொடங்கினால் மரம் முறிந்து கம்பியில் விழுவதும், லயன்களில் கரண்ட் போவதும் நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. அந்த இரவுகளில் மெழுகுதிரியும் குப்பி லாம்பும்தான் துணை. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதும் அந்த வெளிச்சத்தில்தான்.

லயனில் ஒரு திரி சரிந்தால் நட்டம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கொடியில் துணி, மறைப்புக்கு அட்டை, மூலையில் விறகு, பக்கத்திலேயே படுக்கை: எல்லாம் ஒரே காம்பராவுக்குள். பல லயன்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எழுப்பப்படவில்லை. அந்த இடைவெளியால் நெருப்பு வரிசையாகப் பாய்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடுதாசி, பிள்ளையின் புத்தகப்பை எல்லாம் சில நிமிடங்களில் சாம்பல். பிறகு குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

ஆகவே இன்றைக்கே சில பழக்கங்களை நாம் மாற்றிக்கொள்வோம். மெழுகை உருக்கி மேசையிலோ பிளாஸ்டிக் மூடியிலோ திரியை ஒட்டவேண்டாம். மணல் போட்ட வாயகன்ற டின்னில் நிறுத்துங்கள். துணி, கடுதாசி, படுக்கை ஆகியவற்றிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி வையுங்கள். எரியும் திரியோடு தூங்கவேண்டாம். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும், பிள்ளைகளை எரியும் விளக்கோடு தனியே விடவேண்டாம். எரியும் லாம்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. முடிந்தவர்கள் சார்ஜ் பண்ணும் டோர்ச் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. முக்கிய பத்திரங்களை ஒரே பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவை மறித்து விறகு அடுக்காதீர்கள்.

குப்பி லாம்பு சரிந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, பாதுகாப்பான லாம்பு ஒன்றையே உருவாக்கினார். குட்டையான, பாரமான கண்ணாடி. உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டை. திருகி மூடும் உலோக மூடி. லாம்பு பாவிப்பவர்கள் இதையாவது கவனியுங்கள்: உயரமான, மெல்லிய போத்தலும் இறுகாத மூடியும் ஆபத்து.

உடுப்பில் நெருப்புப் பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் கம்பளியால் போர்த்தி அணைக்கலாம். மண்ணெண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றாமல் மணலைப் போடுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் பூசவேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள்; தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இவை நம் கையில் இருப்பவை. ஆனால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதிப் புத்தகத்தை மூடிவிட நிர்வாகங்களை நாம் விடமாட்டோம். இடைச்சுவரைக் கூரை வரை எழுப்புவது தொழிலாளியின் வேலையா? பழைய மின்கம்பிகளை மாற்றுவது யார் பொறுப்பு? நெருப்பணைக்கும் வண்டி ஏறமுடியாத பாதையை யார் திருத்துவது? லயனுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் மணல் வாளிகளும் வைப்பது பெரிய செலவா? 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற வாக்குறுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிறைவேறும்வரை, இருக்கும் லயனைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதமே லயன் லயனாகப் போய்ப் பாருங்கள். திறந்த சுவர், அறுந்த கம்பி, தண்ணீரில்லாத குழாய் ஆகியவற்றைக் காம்பரா இலக்கத்தோடு எழுதி, துரையிடம் கடிதமாகக் கொடுங்கள். ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்போம்.