பீப்பாயில் இருக்கும் காடு

எங்கள் சுங்கை பாக்காப் வீட்டின் பின்கட்டில் ஒரு நீலப் பீப்பாய் நிற்கிறது. குழாயில் தண்ணீர் நன்றாக வரும் நாளிலும் அம்மா அதை நிரப்பி மூடி வைப்பார். 2024 ஜூலை இடைத்தேர்தலின்போது இங்கே தண்ணீர்ப் பிரச்சினைதான் பெரிய பேச்சு. குழாய், அழுத்தம், புதிய சுத்திகரிப்பு நிலையம் என்று நிறையக் கேட்டேன். காட்டைப் பற்றி யாரும் பேசி என் காதில் விழவில்லை.

பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடா தருவது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். சுமார் 160,000 ஹெக்டர். நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால், அங்கே மரம் வெட்ட அனுமதிப்பதா என்பதை முடிவு செய்வது அலோர் ஸ்டார். 'காட்டைக் காக்கிறோம், ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள்' என்கிறது கெடா. பினாங்கு மறுக்கிறது. வெட்டாமல் விட்ட மரத்துக்கு வருமானம் இல்லையே என்ற கெடாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. (பினாங்குக்காரி இப்படி எழுதினால் திட்டு விழும். பரவாயில்லை.)

இதை வானொலியில் பேசியபோது பாலிங்கிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். "தங்கச்சி, வெட்டுறதும் எங்களைக் கேட்டு இல்ல, வெட்டாம விடுறதும் எங்களைக் கேட்டு இல்ல" என்றார்.

2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங், கூப்பாங்கில் வெள்ளம் சேற்றோடும் மரங்களோடும் இறங்கி மூவர் உயிரைக் கொண்டுபோனது. மழைதான் காரணமா, குனோங் இனாஸில் டுரியான் தோட்டத்துக்கு மலையைச் சுரண்டியதா என்று வாதம் நடந்தது. அடி வாங்கியவர்கள் கீழே இருந்தவர்கள்.

காட்டை மத்திய அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உள்ளூர் என்றால் மந்திரி புசார் அலுவலகம் மட்டும்தானா? காடு காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் நிதி தருகிறது; 2024 பட்ஜெட்டில் 20 கோடி ரிங்கிட். அதில் ஒரு பங்கும், அனுமதி கொடுக்கும் மேசையில் ஓர் இருக்கையும் சிக், பாலிங் கம்போங்குகளுக்கு வேண்டும் என்பேன்.

"தண்ணி பில்லுல காட்டுக்குன்னு ரெண்டு வெள்ளி கூடப் போட்டா கொடுப்பீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா பீப்பாயை மூடிக்கொண்டே சொன்னார்: "கொடுக்கலாம். யாரு கைக்குப் போவுதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு."