முப்பத்தெட்டு ஆட்டங்களின் தீர்ப்பு

விளையாட்டுலகில் ‘அற்புதம்’ என்னுஞ் சொல் மிக மலிவாக வழங்கப்படுகின்றது. எளியார் வலியாரை வெல்லும்போதெல்லாம் ஆராயாது அச்சொல்லை எடுத்தாளுதல் பலர்க்கும் வழக்கமாயிற்று. இங்கிலாந்தின் லெஸ்ரர் சிற்றி உதைபந்தாட்டக் கழகம் 2015–2016 ஆம் ஆண்டுப் பருவத்தில் பிரீமியர் லீக் வாகையைச் சூடியபோது உலகெங்கும் ஒலித்ததும் அச்சொல்லே. பருவந் தொடங்குமுன் அந்நாட்டுப் பந்தயக்காரர் அக்கழகம் முதலிடம் பெறுமென ஒரு பவுண் கட்டுவார்க்கு 5,000 பவுண் தருவதாக விலை கூறியிருந்தனர். அங்ஙனம் விலை கூறப்பட்ட கழகம் வென்றதாயின் அஃது அற்புதமன்றி வேறென்னை என வினவுவாருளர்.

அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. அப்பருவத்தின் 38 ஆட்டங்களின் முடிவுகளையும் வரிசையாக வைத்து நோக்குவார்க்கு, வாரந்தோறுந் தன் குறையைக் கண்டு திருந்திய ஓர் அணியின் வரலாறே அங்குப் புலனாகும். அற்புதம் என்னுஞ் சொல் புகழ்ச்சிபோலத் தோன்றினும் உழைத்தாரின் உழைப்பை மறைத்து விடுகின்றது என்பதே எம் கருத்து.

பழைய மாணவர் மலரொன்றில் இக்கழகத்தைப் பற்றி எழுதுதற்குத் தனிப்பொருத்தமும் ஒன்றுண்டு. 1884 ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தவர்கள் லெஸ்ரர் நகரத்து விக்ஸ்ரன் பாடசாலையின் பழைய மாணவர் சிலரே. லெஸ்ரர் பொஸ் என்னும் பெயருடன் பிறந்த அக்கழகம் 1894 இல் இங்கிலாந்து லீக்கிற் சேர்ந்தது; 1919 இல் இப்போதைய பெயரைப் பூண்டது. 1928–1929 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரேயொரு புள்ளியால் முதலிடத்தை இழந்து இரண்டாமிடம் பெற்றது. அதன்பின் வாகைக்காக அது காத்திருந்த காலம் 87 ஆண்டுகள்.

லீக் என்னும் முறையின் இயல்பை ஈண்டுச் சிறிது நோக்குதல் தகும். 1888 ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்துக் கழகங்கள் கிண்ணப் போட்டிகளையும் நட்பு முறை ஆட்டங்களையுமே நம்பியிருந்தன. குறித்த நாளில் ஆட்டம் நடைபெறும் என்னும் உறுதி இல்லை. இக்குறையைத் தீர்க்க எண்ணிய அஸ்ரன் வில்லாக் கழகத்து வில்லியம் மக்கிறெகர் என்பார், கழகங்கள் ஒன்றோடொன்று தத்தம் மைதானங்களில் ஒவ்வொரு முறை ஆடும் ஒழுங்கினை முன்மொழிந்தார். அவ்வாண்டில் 12 கழகங்களுடன் லீக் தொடங்கிற்று. இன்று முதற்பிரிவிலுள்ள 20 கழகங்களும் அவ்வொழுங்கின்படியே ஆடுவதால் ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள் அமைகின்றன. வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. கிண்ணப் போட்டி ஒருநாள் வீரத்தை அளப்பது. லீக்கோ ஓராண்டு ஒழுக்கத்தை அளப்பது. அற்புதம் ஒருநாள் நிகழலாம். முப்பத்தெட்டு நாள்கள் தொடர்ந்து நிகழுமோ?

இவ்வெற்றியின் வேர் முந்திய பருவத்திலேயே உண்டு. 2014–2015 இல் 140 நாள்கள் அக்கழகம் அட்டவணையின் அடியிலே கிடந்தது. 29 ஆட்டங்களில் அது பெற்ற புள்ளிகள் 19 மாத்திரமே. கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது திண்ணம் என யாவரும் எண்ணிய வேளையில், எஞ்சிய 9 ஆட்டங்களுள் 7 இல் வென்று 41 புள்ளிகளுடன் 14 ஆம் இடத்தைப் பெற்றுத் தப்பியது. அன்று முகாமையாளராயிருந்தவர் நைஜல் பியர்சன். அவர் நீக்கப்பட்டபின் 2015 யூலையில் இத்தாலியரான கிளோடியோ ரனியேரி பொறுப்பேற்றார். அப்புதியவரிடம் வந்து சேர்ந்தது தோல்வியின் விளிம்பில் நின்று வெல்லக் கற்றுக்கொண்ட ஓர் அணி என்பதைப் பந்தயக்காரர் கணக்கிற் கொள்ளவில்லை.

பருவத்தின் முதல் 9 ஆட்டங்களை நோக்குக. அவற்றுள் ஒன்றிலேனும் லெஸ்ரர் கோல் வாங்காது தப்பியதில்லை. வாங்கிய கோல்கள் 17. அஸ்ரன் வில்லா, ஸ்ரோக், சவுத்தாம்ரன் ஆகிய மூன்று கழகங்களுடனும் இரண்டு கோல்கள் பின்தங்கி நின்று, முதலாவதை 3–2 என வென்றது. ஏனைய இரண்டையும் 2–2 எனச் சமன்செய்தது. செப்ரெம்பர் 26 ஆந் திகதி தன் சொந்த மைதானத்திலேயே அர்செனலிடம் 2–5 எனத் தோற்றது. பார்ப்போர்க்கு இவை இனிய ஆட்டங்கள். ஆனால் வாகை சூடும் அணியின் ஆட்டங்கள் அல்ல.

அத்தோல்வியின் பின்னர் ரனியேரி தம் பின்வரிசையின் இரு பக்கங்களையும் மாற்றியமைத்தார். டானி சிம்சனும் கிறிஸ்ரியன் பூக்ஸும் அங்கு இடம்பெற்றனர். கோல் வாங்காது ஓர் ஆட்டத்தை முடித்தால் அனைவர்க்கும் பீற்சா வாங்கித் தருவதாகவும் அவர் வாக்களித்திருந்தார். ஒக்டோபர் 24 இல் கிறிஸ்ரல் பலஸ் அணியை 1–0 என வென்றதும் அவ்வாக்கை நிறைவேற்றினார்; ஆயினும் ஆட்டக்காரர் தத்தம் பீற்சாவைத் தாமே செய்துண்ண வேண்டியிருந்தது. விருந்தையும் உழைத்தே பெறுக என்னும் அப்பாடம் நகைப்புக்குரியது போலத் தோன்றினும் ஆழமானது.

இனி இரு பாதிகளையும் ஒப்பிடுவோம். முதற்பாதியாகிய 19 ஆட்டங்களில் 11 வெற்றி, 6 சமநிலை, 2 தோல்வி. அடித்த கோல்கள் 37, வாங்கியவை 25. பிற்பாதியில் 12 வெற்றி, 6 சமநிலை, 1 தோல்வி. அடித்தவை 31, வாங்கியவை 11. கோல் அடிப்பது குறைந்தது. புள்ளியோ 39 இலிருந்து 42 ஆக உயர்ந்தது. இவ்விரு வரிகளிலே அப்பருவத்தின் உட்பொருள் முழுவதும் அடங்கும். முதற்பாதியில் 4 ஆட்டங்களிலேயே கோல் வாங்காதிருந்த அணி பிற்பாதியில் 11 ஆட்டங்களில் அவ்வாறிருந்தது. மார்ச்சு 5 முதல் ஏப்பிரல் 3 வரை வாற்போட், நியூகாசில், கிறிஸ்ரல் பலஸ், சவுத்தாம்ரன் என்னும் நான்கு அணிகளையும் அடுத்தடுத்து 1–0, 1–0, 1–0, 1–0 என வென்றது. உலகம் நினைவிற் கொண்டிருப்பது தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்த ஜேமி வார்டியின் வேகத்தையும் ரியாத் மஹ்ரெஸின் கால்வித்தையையுமே. அவர்கள் முறையே 24 கோல்களும் 17 கோல்களும் அடித்தமை உண்மை. அவர்தம் புகழைக் குறைத்தல் எம் நோக்கமன்று. ஆயினும் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடந்தானும் வெளியேறாது நின்ற தலைவர் வெஸ் மோர்கனையும் கோல் காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கலையும் நினைப்பார் சிலரே.

தோல்வியை அவ்வணி ஏற்ற முறையும் கருதற்பாலது. 2016 பெப்ரவரி 14 ஆந் திகதி அர்செனல் மைதானத்தில், சிம்சன் வெளியேற்றப்பட்டமையாற் பத்துப்பேருடன் ஆடிய லெஸ்ரர், ஆட்டம் முடியுந் தறுவாயில் வாங்கிய கோலினால் 1–2 எனத் தோற்றது. கனவு கலைந்தது எனப் பலர் எண்ணினர். ரனியேரியோ ஆட்டக்காரரைக் கடியாது அவர்களுக்கு ஒரு வார விடுமுறை அளித்தார். அதன்பின் ஆடிய 12 ஆட்டங்களில் 8 வெற்றி, 4 சமநிலை. தோல்வி ஒன்றேனும் இல்லை.

லீக் முறையின் நீதி இவ்விடத்திற் செவ்விதின் விளங்குகின்றது. லெஸ்ரரை இரு முறையும் வென்ற ஒரே கழகம் அர்செனல். நேருக்கு நேர் வலிமையே அளவுகோலாயின் வாகை அதற்கே உரியது. ஆனால் அர்செனல் பிறரிடம் 7 முறை தோற்று 71 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில் நின்றது. லெஸ்ரரோ எஞ்சிய 18 கழகங்களுடன் ஆடிய 36 ஆட்டங்களில் லிவர்பூலிடம் ஒரு முறை மாத்திரமே தோற்று 81 புள்ளிகள் பெற்றது. பெரியாரை வென்ற ஒருநாட் பெருமையினும் எளியாரிடம் தோலாத பலநாள் விழிப்பு மேலானது என்க. வாகை உறுதியான மே 2 ஆந் திகதி லெஸ்ரர் ஆட்டக்காரர் காலிற் பந்து படவேயில்லை. அன்று செல்சியும் ரொட்டன்ஹமும் 2–2 எனச் சமன்செய்தமையால், பின்தொடர்ந்த ரொட்டன்ஹம் இனி எட்ட இயலாதென்பது தெளிவாயிற்று. முன்னரே சேர்த்துவைத்த புள்ளிகள் அன்று அவர்களுக்காகப் பேசின.

மாற்றுரைப்பார் கூற்றிலும் உண்மை சிறிதுண்டு. அவ்வாண்டில் பெருங்கழகங்கள் தளர்ந்திருந்தன. முந்திய ஆண்டு வாகை சூடிய செல்சி 10 ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. லெஸ்ரருக்கு ஐரோப்பியப் போட்டிகளின் சுமையும் இருக்கவில்லை. 81 புள்ளிகள் எல்லா ஆண்டிலும் போதுமானவையுமல்ல. 2018–2019 இல் லிவர்பூல் 97 புள்ளிகள் பெற்றும் இரண்டாமிடமே எய்தியது. நற்பேறு இருந்தது என்பதை மறுக்கோம். ஆனால் பெருங்கழகங்களின் தளர்ச்சி லெஸ்ரருக்கு மாத்திரம் வாய்த்த வாய்ப்பன்று. ஏனைய கழகங்களுக்கும் அதே கதவு திறந்தேயிருந்தது. திறந்த கதவினுள் நுழைதற்கு ஆயத்தமாய் நின்றது எது என்பதே வினா.

பின்னர் நிகழ்ந்ததும் இக்கருத்தையே வலியுறுத்தும். நடுக்களத்தின் உயிராயிருந்த காந்தே 2016 யூலையிற் செல்சிக்குச் சென்றார். பழைய ஒழுங்கு குலைந்தது; தோல்விகள் தொடர்ந்தன. வாகை சூடிப் பத்துத் திங்கள் நிறையுமுன்னரே, 2017 பெப்ரவரி 23 இல், ரனியேரி நீக்கப்பட்டார். அக்கழகம் 2021 இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது; 2023 இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, 2024 இல் ஏறி, 2025 இல் மீண்டும் இறங்கிற்று. ஓகஸ்ட் பிறந்ததும் எல்லார் கணக்கும் பூச்சியத்திலிருந்தே தொடங்குகின்றது. சென்ற ஆண்டின் வாகை இவ்வாண்டுக்கு ஒரு புள்ளியுந் தாராது. அற்புதம் என்று நம்பினார் அது மறுபடியும் வரும் எனக் காத்திருப்பர். உழைப்பு என்று அறிந்தாரோ மறுபடியும் உழைக்கத் தொடங்குவர்.

மாணவர்க்கு யாம் கூற விழைவது இதுவே. பரீட்சைக்கு முந்திய வாரத்தின் பரபரப்பினும், ஆண்டின் நடுவே எவருங் காணாத ஒரு சாதாரண நாளின் படிப்பே முடிவில் பெயர் தருவது. 1–0 என்னும் வெற்றியைக் கொண்டாடக் கூட்டங் கூடுவதில்லை. எனினும் வாகை அதனாலேயே அமைகின்றது.

பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பமுண்டு. கல்லூரிகளின் விளையாட்டு அறிக்கைகள் வென்ற கிண்ணங்களை மாத்திரம் எண்ணி அமைதல் சாலாது. ஒரு பருவத்தில் ஆடிய எல்லா ஆட்டங்களின் முடிவுகளும், தோல்வியுஞ் சமநிலையும் உட்பட, திகதியோடு வரிசையாக அச்சேறுதல் வேண்டும். இரண்டு கோல்கள் பின்தங்கி நின்று சமன்செய்த ஓர் அணிக்குக் கிண்ணம் கிடையாதிருக்கலாம். அதன் பெயர் பதிவிலிருந்து மறைதல் முறையன்று. அத்தகைய பதிவு ஒன்று இருப்பின், பின்வரும் மாணவர் தம் முன்னோர் எவ்வாறு தோற்றனர், எவ்வாறு திருந்தினர், எவ்வாறு வென்றனர் என்பதைத் தாமே கற்றுக்கொள்வர். பாடசாலைப் பழைய மாணவர் சிலர் தொடங்கிய கழகமொன்று 132 ஆண்டுகளின் பின் முதன்முறையாக லீக் வாகை சூடியது. நாம் இன்று தொடங்கும் நற்பணியின் பயனைக் காண நாமே இருத்தல் வேண்டுமென்பதில்லை. தொடங்குதலே நம் கடன்.