முழங்காலில் பழைய அடி, உடம்பில் சர்க்கரை: மறுபடியும் எடை தூக்கலாமா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பொழுது விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஆண்களும் பெண்களும் கையை வீசி வேகமாக நடக்கிறார்கள். அவர்களில் பலரை நடக்க வைத்தது சர்க்கரை வியாதி.

அங்கே வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சர்க்கரை உண்டு. டாக்டர் அவர்களையும் நடக்கத்தான் சொல்கிறார். ஆனால், முழங்கால் விடுவதில்லை!

கபடியில் விழுந்தவர்கள், ஜல்லிக்கட்டில் காலைத் திருகிக்கொண்டவர்கள், மோட்டார் சைக்கிளில் சறுக்கியவர்கள், மூட்டை சுமந்தே மூட்டுத் தேய்ந்தவர்கள் என்று பல வகை.

இவர்களில் சிலர் வாலிப வயதில் கர்லாக்கட்டை சுற்றியவர்கள். இரும்புக் குண்டு தூக்கியவர்கள். "மறுபடியும் எடை தூக்கலாமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். "இந்த வயதில் எதற்கு வம்பு?" என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

யார் சொல்வது சரி?

10 கோடிப் பேர்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது கூறியது. மேலும் 13 கோடிப் பேர் வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில், வயது வந்தவர்களில் 100-க்கு சுமார் 14 பேருக்கு இந்த வியாதி உண்டு.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோ மீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது.

மாத்திரை வந்தது, பாதையும் வந்தது. நடக்க முடியாத காலுக்கு என்ன வழி?

தசை ஒரு குதிர்

விடை நம் தசையில் இருக்கிறது.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் பரோட்டாவும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேருகின்றன. அதில் பெரும் பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசையை ஒரு நெற்குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்தால் குதிரில் இருக்கும் நெல் செலவாகும். புது நெல் கொட்ட இடம் கிடைக்கும். குதிரே சிறுத்துவிட்டால், நெல் வெளியே சிதறத்தானே செய்யும்?

முழங்காலைத் தாங்குவதும் தசைதான். தொடையின் முன்பக்கத் தசை மெலிந்தால், பாரம் முழுவதும் மூட்டில் இறங்குகிறது. வலி வருகிறது. வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் தசை இன்னும் மெலிகிறது, உடல் எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது. செக்கு மாடு சுற்றுவது போல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட யோசனையில் நடையோடு நிறுத்தவில்லை. வாரத்தில் 150 நிமிடமாவது வேக நடை போன்ற பயிற்சி வேண்டும். அத்துடன் குறைந்தது 2 நாட்கள் தசைக்கும் பயிற்சி வேண்டும் என்றது.

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நம் பாட்டனார்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏற்றம் இறைத்தார்கள், நெல் மூட்டை தூக்கினார்கள். இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவன் வீரன். இன்று அறுவடையை மெஷின் செய்கிறது. அடுத்த தெருவுக்கும் வண்டியில் போகிறோம். சாப்பாடு மட்டும் மாறவில்லை!

பழைய பலமே பகை

அப்படியானால் உடனே போய் குண்டைத் தூக்கலாமா? கூடாது!

"அந்தக் காலத்தில் 80 கிலோ தூக்கினேன்" என்ற நினைப்புதான் பெரிய ஆபத்து. மனசு அதை மறப்பதில்லை, மூட்டு மறந்துவிட்டது. தசையில் பலம் சீக்கிரம் வரும். மூட்டைக் கட்டி நிறுத்தும் நார்கள் உரம் பெற அதிக நாளாகும்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், இதயம், பாதம், கண் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். சர்க்கரையால் கண்ணின் உள்ளே ரத்தக் குழாய்கள் கெட்டிருந்தால், மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது ரத்தம் கசியக்கூடும். 1976-ல் 11 படுக்கையுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கண்ணைச் சோதிக்காமல் இருக்கலாமா?

நாற்காலியே போதும்

தொடக்கத்துக்கு இரும்பு வேண்டாம். உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். சுவரில் கையை ஊன்றித் தள்ளலாம். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் 1 கிலோ எடைதான், அதைத் தூக்கலாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 10 தடவை செய்யலாம். ஒரு நாள் பயிற்சி, மறுநாள் ஓய்வு.

முழங்காலை முழுதும் மடக்கிக் குந்தி எழும் பஸ்கி வகைகளை ஆரம்பத்தில் தொடக்கூடாது. மறுநாள் முழங்கால் வீங்கினால், செய்தது அதிகம் என்று பொருள், குறைக்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் பயிற்சிக்கு முன் சோதித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். 250-க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்று பயிற்சி வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும். நடுவில் கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்தி, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

மருந்தை விடவில்லை

இங்கிலாந்துப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997-ல் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அவர் இன்சுலின் போட்டுக்கொண்டே பயிற்சி செய்தார். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தமது 5-வது தங்கப் பதக்கத்தை வாங்கினார். அவர் பயிற்சியை விடவில்லை, மருந்தையும் விடவில்லை. நம்மவர்களில் சிலர், 10 நாள் பயிற்சி செய்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்!

நடைபாதை போட்ட அரசாங்கம், அதன் ஓரத்தில் 4 நாற்காலியும் போடலாம். வாரம் 2 நாள் பயிற்சி சொல்லித்தர ஒருவரை அமர்த்தலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. நடக்க முடியாதவர்களுக்கு அதுவே நடைபாதை.

மறுபடியும் எடை தூக்கலாமா? தூக்கலாம். அன்று விட்ட எடையிலிருந்து அல்ல. இன்று வலியில்லாமல் தூக்க முடிகிற எடையிலிருந்து!