புல்லுருவி அன்று, விருந்தாளி

மதுரைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் மையவாடியில் நிற்கும் பழைய மாமரத்தை வெட்டிவிடலாம் என்று அண்மையில் பேச்சு எழுந்தது. சொல்லப்பட்ட காரணம், "மரமெங்கும் புல்லுருவி ஏறிவிட்டது" என்பதே. அண்ணாந்து பார்த்தால், கிளைக் கவட்டில் இருந்தது புல்லுருவி அன்று. வாண்டா டெசலேட்டா என்னும் காட்டு ஆர்க்கிட். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டமிட்ட இதழ்கள், நடுவே நீலம் கலந்த உதடு, இனிய மணம்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்தி நீரை உறிஞ்சும். ஆர்க்கிட்டோ பட்டையைப் பற்றி நிற்பதோடு சரி. பஞ்சு போன்ற உறையுடைய அதன் வேர்கள் மழைநீரையும் பனியையும் ஈர்த்துக்கொள்ளும். உணவை அதன் பசிய இலைகளே ஆக்கிக்கொள்ளும். வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இச்செடியை விவரித்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அதன்மீது பழி சுமத்துகிறோம்.

"ஒரு மரம் போனால் பத்துக் கன்று நடுகிறோமே" என்பார்கள். சாலை விரிவாக்கத்துக்குப் புளியமரங்களை வெட்டும்போதும் இதுவே சமாதானம். கன்று நடுவது நற்செயல்தான். ஆனால் கணக்கு நேராவதில்லை. தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. பட்டையில் உரிய பூஞ்சை துணை செய்தால்தான் அது முளைக்கும். பூப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆகும். சொரசொரத்த முதிய பட்டையை நேற்று நட்ட கன்று தராது.

நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்பதும் நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உண்பதற்கே அத்தனை நன்மை என்றால், எதையும் உண்ணாமல் இடம் மட்டும் கேட்கும் உயிரை விரட்டுவது எப்படி நியாயமாகும்?

மையவாடிகளிலும் பள்ளிவாசல் வளாகங்களிலும் நிற்கும் முதிய மரங்கள் நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதம். வெட்டுமுன் ஜமாஅத்தினர் ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும். வெட்டியே தீரவேண்டுமானால், வேர் அறாமல் செடியைப் பெயர்த்து, பக்கத்து மரத்தில் தென்னங்கயிற்றால் கட்டிவிடலாம். மண்தொட்டியில் புதைத்தால் வேர் அழுகிவிடும்.

தீர விசாரியாமல் எவர்மீதும் குற்றம் சுமத்தலாகாது என்பது நம் மார்க்கம். மரக்கிளையில் வாழும் செடிக்கும் அந்த நீதி உண்டு.